சார்ஜண்ட் வீட்டைச் சுத்தம் செய்த நாள்

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருக்கும் சார்ஜண்ட், தன் கணவரை விவாகரத்து செய்தபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அவள் ராணுவத்தில் போக்குவரத்துப் பிரிவில் இருப்பவள். பத்துச் சக்கர லாரியைப் பின்பக்கமாகவே ஓட்டிச் சந்துக்குள் நுழைத்துவிடுவாள். அவர் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஒரு பிரேமைத் தேர்ந்தெடுக்க வாடிக்கையாளருக்கு ஒரு மணி நேரம் கொடுத்து, கூடவே தானும் உட்கார்ந்து குழம்புவார். இந்த இரண்டு பேரும் ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்ததுதான் ஆச்சரியம். பெரிய சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது, நான் நேர் மேல்வீடு. கையெழுத்துப் போட்டார்கள், பிரிந்தார்கள். மகள் அம்மாவிடம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு அப்பாவிடம் என்று ஏற்பாடு. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. கட்டடம் முழுவதற்கும் அவள் பட்டாணி.

புருஷனை விவாகரத்து செய்யச் சட்டம் இருக்கிறது. நாத்தனாரை விவாகரத்து செய்ய இதுவரை எந்த நாட்டிலும் சட்டம் போட்டதாகத் தெரியவில்லை. கண்ணாடிக்கடைக்காரருக்கு ஓர் அக்கா உண்டு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. தம்பியைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர். இன்னும் வளர்த்து முடிக்கவில்லை.

ராணுவத்தில் ஒரு விதி இருக்கிறதாம். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் ஒரு தாள் எழுதிக் கொடுத்து வைக்க வேண்டும். திடீரென்று எங்காவது அனுப்பினால் பிள்ளை யாரிடம் இருக்கும், பள்ளிக்கு யார் கூட்டிப் போவார்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். தாள் இல்லாவிட்டால் வேலை இல்லை. சார்ஜண்ட் அதில் 'குழந்தையின் தந்தை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். போன வருடம், பூகம்பம் வந்த ஏதோ ஓர் ஊருக்கு நிவாரண லாரிகளை ஓட்ட எட்டு மாதம் அனுப்பினார்கள். மூன்று நாள் அவகாசம். பட்டாணி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி அப்பா வீட்டுக்குப் போனாள்.

எட்டு மாதம் கழித்து சார்ஜண்ட் கறுத்து, இளைத்து வந்து இறங்கினாள். நான்காம் நாள் கதவைத் தட்டியவன் கோர்ட்டு ஆள். குழந்தை அப்பா வீட்டுக்குப் பழகிவிட்டாள், தாயே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், நாளைக்கு மறுபடி அனுப்பினால் மறுபடி போவாள், ஆகவே குழந்தை இனி அப்பாவிடமே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று மனு. தீர்ப்பு வரும்வரை சனிக்கிழமை மட்டும் பத்திலிருந்து ஆறு வரை அம்மாவிடம்.

என் கண்ணாடியில் திருகாணி கொஞ்சம் தளர்ந்திருந்தது. தளரவில்லை என்றாலும் நான் கடைக்குப் போயிருப்பேன்.

"மாடியக்கா, இது நான் கேட்டது இல்ல," என்றார் கண்ணாடிக்கடைக்காரர், திருகாணியைப் பார்த்தபடி. கட்டடத்தில் இருப்பவர்கள், இருந்து விட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் நான் மாடியக்காதான். "எங்க அக்கா சொன்னாங்க. வக்கீலும் சொன்னார். ரெண்டு பேரும் சேந்து சொன்னா நான் என்ன பண்றது?"

"கையெழுத்து யாருது?"

"என்னுதுதான்."

கடையின் உள்ளறையிலிருந்து தலைமையாசிரியை வந்தார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். எனக்கு வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த மாதிரி இருந்தது.

"குழந்தை என்ன, வாடகை சைக்கிளா? வேணுங்கிறப்ப எடுத்துட்டுப் போய், வேணாங்கிறப்ப கொண்டாந்து நிறுத்துறதுக்கு? எட்டு மாசமா தலை வாரி, பாடம் சொல்லிக்குடுத்து, பல்லு விழுந்தப்ப கூட இருந்தது யாரு? இவளா?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. அதனால்தான் இந்த வழக்கு எங்கள் கட்டடத்தை இரண்டாகப் பிரித்தது. செயலாளர் அந்தக் கட்சி, காவலாளி இந்தக் கட்சி. நான் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தேன்.

சார்ஜண்ட் மட்டும் அசரவில்லை. "தருவாங்க மாடியக்கா," என்பாள். "அவ என் பொண்ணு. எட்டு மாசம் வேலைக்குத்தான போனேன்? ஓடிப் போகலையே." இதைச் சொல்லும்போது அவள் குரல், நாளைக்கு டயர் மாற்ற வேண்டும் என்று சொல்லும் குரல்.

கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் குடும்ப ஆலோசகர் வந்து வீட்டைப் பார்ப்பார். சார்ஜண்டின் வக்கீல் ஒரு சின்னப் பெண், வருடம் பூராவும் ஜலதோஷம். அவள் போனில், "வீட்டைக் கொஞ்சம் நல்லா வெச்சுக்கோங்க" என்று சொன்னாளாம். தும்மலுக்கு நடுவில் அதோடு நிறுத்திக்கொண்டாள். ராணுவத்தில் இருப்பவர்களிடம் அப்படி மொட்டையாகச் சொல்லக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே சார்ஜண்டின் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. கையில் வெள்ளைப் பெயிண்ட் வாளி. மூன்று நாள் வேலை. கூடத்துச் சுவரில் பட்டாணி மெழுகுக் கலரில் வரைந்த பதினோரு லாரி, ஒன்றன்பின் ஒன்றாக, சமையலறை வரைக்கும் போகும். அதன்மேல் இரண்டு பூச்சுப் பெயிண்ட். கதவு நிலையில் தொங்கிய ஊஞ்சலைக் கழற்றினார்கள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கட்டியிருந்த லாரி கொட்டகை குப்பைக்குப் போனது. குளிர்பெட்டிக் கதவில் இருந்த ஸ்டிக்கர்களைக் குட்டையன் சுடுதண்ணீர் வைத்துச் சுரண்டி எடுத்தான். பொம்மைகள் பச்சை டிரங்குப் பெட்டிக்குள், பெட்டி கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குப் பூட்டு. துண்டுகள் எல்லாம் ஒரே அகலத்தில் மடிந்து நின்றன. பட்டாணியின் கட்டிலில் விரித்த போர்வையில் ஒரு சுருக்கம் இல்லை. அதில் படுத்தால் வழக்குப் போடுவார்கள் போலிருந்தது.

புதன்கிழமை நான் இறங்கிப் போய்ச் சுற்றிப் பார்த்தேன்.

"எப்படி இருக்கு?" என்றாள் சார்ஜண்ட். நெற்றியில் பெயிண்ட்.

"ஆஸ்பத்திரி தோத்துடும்," என்றேன்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நெட்டையும் குட்டையும்கூட ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மூன்று பேரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள். நானும் பாராட்டாகத்தான் சொன்னேன் என்பதை மறைப்பானேன்.

ஆலோசகர் மெல்லிய குரல் உள்ள மனிதர். தோளில் தொங்கிய பையைக் கழற்றாமலே ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். நிறைய எழுதினார். சார்ஜண்ட் முதுகு வளையாமல் அவர் பின்னாலேயே நடந்தாள். பிறகு அவர் மாடிப்படி ஏறி என் வீட்டுக்கு வந்தார். அக்கம்பக்கத்தை விசாரிப்பது அவர்கள் வழக்கமாம். நல்ல வழக்கம். டீ போட்டுக் கொடுத்தேன்.

"கீழ்வீட்டுல எப்படிங்க? குழந்தை இருந்தப்ப?"

நமக்குத் தெரிந்த பெண்ணுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுவோம் என்று, "தங்கமான குடும்பம் சார். சத்தமே வராது. குழந்தை இருக்கிற வீடுன்னே தெரியாது," என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். இன்னொரு டீ வேண்டாம் என்றார்.

மூன்று வாரம் கழித்து அறிக்கையின் நகலோடு வக்கீல் பெண் வந்தாள். கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. நான் மாடிப்படி பெருக்கிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக்கு நேரே இருக்கும் நான்கு படிகளில் எப்போதும் கொஞ்சம் தூசி அதிகம்.

"படிக்கிறேன், கேளுங்க," என்றாள் வக்கீல். "வீடு மிகவும் தூய்மையாக உள்ளது. எனினும், ஒரு குழந்தை அங்கு வாழ்ந்ததற்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை. குழந்தை திரும்பி வருவதை எதிர்பார்க்கும் அறிகுறியும் இல்லை. மேல்வீட்டில் வசிப்பவரும் இதை உறுதிப்படுத்தினார்."

துடைப்பம் என் கையைவிட்டு நழுவி இரண்டு படி இறங்கியது.

உள்ளே சார்ஜண்டின் குரல்.

"எல்லாம் இருந்துச்சு. நான்தான் பெயிண்ட் அடிச்சேன்."

"ஏங்க அடிச்சீங்க?"

"முகாம்ல பெரிய அதிகாரி பாக்க வராருன்னா, அந்தக் கட்டில்ல ஒருத்தன் படுத்துத் தூங்குறான்னே தெரியக் கூடாது. பிரஷ் நனைஞ்சிருக்கக் கூடாது. வாளியில தண்ணி இருக்கக் கூடாது. ஆள் இருந்த தடம் தெரிஞ்சா தண்டனை. பதினாலு வருஷம் அப்படித்தான் பண்ணிருக்கேன். வீட்டப் பாக்க வராங்கன்னதும் கை தானா செஞ்சிடுச்சு."

"இதக் கோர்ட்ல சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நம்புறாங்களா, அதான் வேணும்."

"நம்புறதுக்கு ஏதாவது கையில இருக்கணுமே. போட்டோ வெச்சிருக்கீங்க, சரி. போட்டோவுல எல்லாரும் நல்ல அம்மாதான்னு அந்தப் பக்கத்து வக்கீல் ஒரே வரியில தூக்கிப் போட்டுடுவார்." ஒரு தும்மல். "வெளியாள் யாராவது சொல்லணும். உங்களுக்கு ஆகாத ஆளா இருந்தா இன்னும் நல்லது."

நான் துடைப்பத்தை எடுக்கக் குனிந்தேன்.

"மாடியக்கா," என்று உள்ளிருந்து சார்ஜண்ட் கூப்பிட்டாள். "பெருக்கினது போதும். உள்ள வாங்க."

போனேன். அசடு வழிய நின்றேன். "நான் நல்லதுக்குத்தான்மா சொன்னேன்."

"தெரியும். அத விடுங்க. புகார் நோட்டு எங்க இருக்கு?"

எங்கள் கட்டடத்தில் செயலாளரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. யாருக்கு யார்மேல் குறை என்றாலும் தேதி, நேரத்தோடு அதில் எழுத வேண்டும். யார்மேல் புகாரோ அவர் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். சண்டை வாயில் நடக்காமல் தாளில் நடக்கட்டும் என்று செயலாளர் கொண்டுவந்த ஏற்பாடு. அதை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவள் நான் ஒருத்திதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். பாராட்டு மாதிரி இருக்காது அந்தக் குரல்.

"எதுக்கும்மா அது இப்போ?"

"என்மேல நீங்க பதினேழு புகார் எழுதியிருக்கீங்க. பதினேழுலயும் என் கையெழுத்து இருக்கு. எல்லாம் வேணும்."

"நான் ஏதோ அப்ப ஒரு கோவத்துல..."

"கோவத்துல எழுதினதுதான் வேணும்," என்றாள் வக்கீல் பெண். முதல்முறையாக அவள் மூக்கைத் துடைக்க மறந்திருந்தாள்.

வழக்கு நாளன்று நானும் போனேன். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன், ஆனால் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன அறை. நீதிபதி அம்மாவுக்குக் கண்ணாடி நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கிலிருந்து சரிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் வழக்கைக் கவனிக்கவே இல்லை, அந்தப் பிரேமையே பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் அக்கா, இறைவணக்கத்தில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

எதிர்ப்பக்க வக்கீல் எழுந்தார். "மறுபடி அனுப்பினா போவீங்களா?"

"போவேன்," என்றாள் சார்ஜண்ட்.

"எத்தனை நாள் முன்னாடி சொல்லுவாங்க?"

"மூணு நாள். சில நேரம் ரெண்டு."

"அப்ப குழந்தை?"

"அவங்க அப்பாகிட்ட. அவர் நல்லா பாத்துப்பார். அண்ணி அதவிட நல்லா பாத்துப்பாங்க."

தலைமையாசிரியை இதை எதிர்பார்க்கவில்லை. கைக்குட்டையை ஒருமுறை மடித்தார்.

"அப்ப ஒத்துக்கிறீங்க. எழுதியும் குடுத்திருக்கீங்க, அப்பாகிட்ட இருக்கட்டும்னு."

"நான் இல்லாதப்ப அவ தனியா நிக்கக் கூடாதுன்னு எழுதினேன் சார். வந்ததும் குடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சிருந்தா, அங்க லாரி ஓட்டியிருக்க மாட்டேன், பாதி வழியில திருப்பியிருப்பேன். இவங்கள நம்பினதாலதான் எட்டு மாசம் நிம்மதியா வேலை பாத்தேன். நம்பினதத் தப்புன்னு சொல்றீங்களா?"

வக்கீல் பதிலுக்கு அறிக்கையை எடுத்தார். அடையாளம் இல்லை, அறிகுறி இல்லை என்று அழுத்தி அழுத்திப் படித்தார். சார்ஜண்ட் பெயிண்ட் அடித்த கதையைச் சொன்னாள். வக்கீல் பெண் சொன்னபடியே பின்வரிசையில் சிரித்தார்கள். சார்ஜண்ட் காத்திருந்தாள். சிரிப்பு நின்றதும், "புகார் நோட்டப் பாருங்கம்மா," என்றாள்.

நீதிபதி அம்மா நோட்டைப் புரட்டினார். ஓர் இடத்தில் நின்றார். சத்தமாகப் படித்தார்.

"காலை ஆறு நாற்பது. கீழ்வீட்டில் லாரி ஹாரன். லாரி இல்லை, வாயால் அடிக்கிறார்கள். தாயும் மகளும்."

பக்கம் திரும்பியது.

"ஞாயிறு மதியம். ஊஞ்சல் கிறீச்சிடுகிறது. எண்ணெய் போடச் சொன்னேன், போட்டார்கள். இப்போது சிரிப்புச் சத்தம். அதற்கு என்ன போடுவது என்று தெரியவில்லை."

பின்வரிசை மறுபடி சிரித்தது. என் காது சூடானது.

"மாலை. ஏழாம் வாய்ப்பாடு நாற்பது நிமிடம். நடுவில் அழுகை, அம்மாவின் அதட்டல், மறுபடி அழுகை, பிறகு இருவரும் சேர்ந்து கத்தல். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது." நீதிபதி அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அடுத்ததை மெதுவாகப் படித்தார். "மூன்று நாளாகக் கீழ்வீட்டுக் குழாய் நிற்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சலாம், துணி நனைத்து நனைத்துப் போடுகிறாளாம். நாலு வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. காய்ச்சல் இறங்கியதும் இதற்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை தரையைப் பார்த்தார்.

"இத எழுதினது யாரு?"

எழுந்தேன்.

"குழந்தை இருக்கிற வீடுன்னே தெரியாதுன்னு ஆலோசகர்கிட்ட சொன்னதும் நீங்கதானே?"

"ஆமாம்மா."

"ரெண்டுல எது உண்மை?"

"எழுதினதும்மா. பேசினது மரியாதைக்கு."

"கடைசி எட்டு மாசத்துக்கு மேல ஒரு புகாரும் இல்லையே?"

"வீடு பூட்டியிருந்துச்சும்மா. தூக்கம் நல்லா வந்துச்சு. எழுதத்தான் ஒண்ணுமே இல்ல."

உட்காரச் சொன்னார். பிறகு கண்ணாடிக்கடைக்காரரைக் கூப்பிட்டார். "உங்களுக்கு என்ன வேணும்? உங்க வக்கீலுக்கு என்ன வேணும்னு மனுவுல படிச்சிட்டேன். உங்க அக்காவுக்கு என்ன வேணும்னு அவங்க முகத்துல படிச்சிட்டேன்."

அவர் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார். அந்த அறையில் அவ்வளவு நேரம் யாரும் யாரையும் காத்திருக்க வைத்திருக்க மாட்டார்கள்.

"என் முறை எனக்கு வரணும்மா," என்றார் கடைசியில். "சனி ஞாயிறு. அவ வெளியூர் போறப்ப முழுசா. பொண்ணு எங்கூட இருந்த எட்டு மாசம் எனக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. அதுக்காக அவகிட்டேருந்து புடுங்கணும்னு இல்ல. திரும்ப அந்த மாதிரி கிடைக்காதோன்னு பயந்துட்டேன், அவ்வளவுதான்."

"தம்பி," என்றார் தலைமையாசிரியை.

"இரு அக்கா. நான் பேசிட்டு உக்காந்துடறேன்."

அவர் அக்காவிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் அக்காவும் அப்போதுதான் கேட்டிருப்பார்.

அதற்குப் பிறகு நீதிபதி அம்மா பட்டாணியைத் தனியறைக்குக் கூட்டிப்போய் இருபது நிமிடம் பேசினார். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. இந்த வழக்கில் எனக்குத் தெரியாத விஷயம் அது ஒன்றுதான், அது இன்றைக்கும் உறுத்துகிறது. பிற்பாடு பட்டாணிக்கு பிஸ்கட் கொடுத்துக் கேட்டுப் பார்த்தேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லிருக்கேன் மாடியத்தை," என்றாள். பிஸ்கட்டை மட்டும் சாப்பிட்டாள்.

தீர்ப்பு அரைப் பக்கம். குழந்தை அம்மாவிடம், சனி ஞாயிறு முறை அப்பாவுக்குப் பழையபடி. அம்மாவைப் பணிக்கு அனுப்பினால் அந்த நாட்கள் முழுவதும் அப்பாவிடம். அம்மா திரும்பிய ஏழு நாளுக்குள் குழந்தை அம்மாவிடம் வந்துவிட வேண்டும், அதற்குப் புது வழக்கு தேவையில்லை. பணிக்காகப் போன காலத்தைக் குழந்தையை விட்டுப் போன காலமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

கோர்ட்டுப் படியில் தலைமையாசிரியை நின்று திரும்பினார். "ஏழு நாள்னு போட்டிருக்காங்க. பாப்போம்."

"பாப்போம் அண்ணி," என்றாள் சார்ஜண்ட்.

அந்த 'பாப்போம்' எங்கள் கட்டடத்தில் ஐந்து மாதம் ஓடியது. தாளில் எழுதுவது சுலபம், அடுத்த முறை அனுப்பினால் அல்லவா தெரியும் என்றார் செயலாளர். தலைமையாசிரியை, பரீட்சை, சளி, நல்ல நேரம் கெட்ட நேரம் என்று ஏதாவது சொல்லி இழுப்பார் என்றான் காவலாளி, சார்ஜண்ட் கட்சிக்காரனாக இருந்தும். அடுத்த முறை வந்தது. வெள்ள நிவாரணத்துக்கு நாற்பது நாள். அவகாசம் இரண்டு நாள். கண்ணாடிக்கடைக்காரர் வந்து மகளின் பையை வாங்கிக்கொண்டார். சார்ஜண்ட் பட்டாணியின் உச்சியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, "போயிட்டு வந்துடறேன்" என்றாள். முகாம் வண்டி ஏறியபிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் சொல்கிறேன்.

நாற்பது நாள் நாற்பத்து மூன்றானது. ஒரு திங்கட்கிழமை மாலை திரும்பி வந்தாள். குளித்தாள், ஜன்னலைத் திறந்தாள், யாருக்கும் போன் செய்யவில்லை.

"கேக்கலையா?" என்றேன் படியில் பார்த்தபோது.

"எதுக்குக் கேக்கணும்? தேதி அவங்களுக்கும் தெரியும்."

"ஏழாவது நாள்தான் விடுவாங்க, பாரு."

"ஏழு நாள் என்ன, ஆறு நாள் துணி தோய்க்கவே சரியாப் போயிடும்," என்றாள். ஆனால் அன்று இரண்டு பேருக்கு முட்டை வாங்கி வந்திருந்தாள். கடைக்காரன் என்னிடம் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருவில் தலைமையாசிரியை வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் பட்டாணி, ஒரு கையில் பை. பத்தடி பின்னால் கண்ணாடிக்கடைக்காரர், ஸ்கூல் பையோடு. சார்ஜண்ட் கதவைத் திறப்பதற்குள் பட்டாணி கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள். உள்ளே என்ன நடந்தது என்பதை மேலிருந்து பார்க்க முடியாது. சத்தம் கேட்டது, போதுமானதாக இருந்தது.

"ஏழு நாள் ஆக்குவோம்னு இந்தக் கட்டடமே பேசிக்கிட்டு இருக்காம்," என்றார் தலைமையாசிரியை, வாசலில் நின்று, தேவைக்கு அதிகமான குரலில். "எங்களுக்கு ஒரு நாளே ஜாஸ்தி. வீட்டுப்பாடம் முடிச்சாச்சு. இடது காலணி கடிக்குது, மாத்தணும். சனிக்கிழமை பத்து மணிக்குத் தம்பி வருவான். பத்து அஞ்சு ஆக்கிடாத."

"ஆகாது அண்ணி. உள்ள வாங்க, டீ போடறேன்."

"எனக்கு நிக்க நேரமில்ல," என்றார். உள்ளே போனார். அவர் கிளம்பியபோது மணி ஒன்பதே கால்.